அடையாளக் கண்ணாடி

ஒவ்வோர் அக்டோபர் மாதமும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து குன்துர் என் கடைக்கு வருவார். ஈரமான ஹெல்மெட்டை ஜெராக்ஸ் மிஷின்மேல் வைத்துவிட்டு, போன வருடத்து பேனரே போதும், வருடத்தை மட்டும் மாற்றினால் சரி என்பார். நான் மாற்றி அச்சடித்துக் கொடுப்பேன். இடது ஓரத்தில் மாவட்டத் தலைவர், வலது ஓரத்தில் அவருடைய மனைவி, நடுவில் என் மகள் லாராஸ். மூக்குக் கண்ணாடி அணிந்திருக்கிறாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. படம் எடுப்பவரைப் பார்க்காமல் அவருக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே மஞ்சள் எழுத்தில், 'எதிர்காலத்தைத் தெளிவாகப் பார்ப்போம்.'

லாராஸுக்குக் கண்ணாடி இருந்ததே இல்லை. இப்போது லாராஸும் இல்லை. பேனர் இருக்கிறது. இது எப்படி நடந்தது என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்தால் நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

முதலில் தெரிய வந்தது தேசபக்திக் குறைபாடு. கண் குறைபாடு என்று யாரும் நினைக்கவில்லை.

எங்கள் ஊரான செண்டாங் கிடுலின் தொடக்கப் பள்ளியில் திங்கட்கிழமைதோறும் கொடியேற்றம். கொடி மேலே போகப் போக எல்லாப் பிள்ளைகளின் முகமும் மேலே போக வேண்டும். லாராஸின் முகம் போகவில்லை. மூன்றாம் வகுப்பு வரிசையில், நெற்றியில் கை வைத்து, நேரே எதிரில் பார்த்தபடி அவள் வணக்கம் செலுத்திக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை சுலஸ்த்ரி என்னையும் என் மனைவி முர்னியையும் கூப்பிட்டனுப்பினார். கொடிமரத்துக்குப் பின்னால் சிற்றுண்டிக் கடை இருக்கிறது. கடைக்காரம்மா துமினி துணிக்கயிற்றில் உலர்த்தியிருந்த, எங்கள் நாட்டுக் கொடியின் நிறத்திலான சிவப்பு வெள்ளைத் துண்டுக்குத்தான் என் மகள் வாராவாரம் மரியாதை செய்திருக்கிறாள் என்பது விசாரணையில் தெரிந்தது.

"செவப்பும் வெள்ளையுமா ஆடிச்சு, இபு. அதான்" என்றாள் லாராஸ். ஆசிரியைகளையும் மற்றப் பெண்களையும் எங்கள் ஊரில் 'இபு', அம்மா, என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

சுலஸ்த்ரி இபு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்கள் குடும்பத்தில் பழைய காலத்தில் யாராவது தடைசெய்யப்பட்ட கட்சி எதிலாவது இருந்தார்களா என்று கேட்டார். என் தகப்பனார் வாத்து வளர்த்தார் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து துமினி நீலத் துண்டுதான் காயப்போட வேண்டும் என்று உத்தரவானது. அந்தத் திங்கட்கிழமை லாராஸ் எதற்கும் வணக்கம் செலுத்தவில்லை. நெற்றியில் கை வைத்தபடி தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் முர்னி அவளை உட்காரவைத்துக் கேட்டாள். தூரத்தில் இருக்கிற ஆட்களை எப்படி அடையாளம் தெரிந்துகொள்கிறாய் என்று.

"நடக்கறதைப் பாத்து" என்றாள் லாராஸ். "மூஞ்சி தெரியாதே. தோலுரிச்ச முட்டை மாதிரி இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தானேம்மா?"

"அப்பா எப்படி நடப்பாரு?"

"ஒரு செருப்புக்கு மட்டும் கோவம் வந்த மாதிரி."

"நான்?"

அவள் எழுந்து நடந்து காட்டினாள். இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு போகிறவள்போல, வலது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி. முர்னி கையில் எதுவும் இல்லாதபோதும் அப்படித்தான் நடப்பாள். நான் சிரித்தேன். முர்னி சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குப் போய்க் கண்ணாடி வாங்கிவிடுவது என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை சுற்றறிக்கை வந்தது. நகல் எடுக்க என் கடைக்குத்தான் வந்தது, அதனால் ஊரில் முதலில் படித்தவன் நான். மாவட்டம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் கண் பரிசோதிக்கப்படும், தேவைப்படுகிறவர்களுக்குக் கண்ணாடி வழங்கப்படும். வீட்டில் காட்டினேன். அரசாங்கமே வாசலுக்கு வரும்போது நீங்கள் எதற்குப் பேருந்து ஏறி அலைய வேண்டும் என்று சுலஸ்த்ரி இபுவும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகவில்லை.

பரிசோதனைக்கு முன்னால் ஒத்திகை நடந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒத்திகை இல்லாமல் எதுவும் நடக்காது. விருந்தினர்கள் வரும் நாளில் பிள்ளைகள் எழுத்துப் பலகை முன்னால் திணறிக்கொண்டு நிற்கக் கூடாதல்லவா. ஆகவே பலகையை முன்கூட்டியே வாங்கி வந்து, மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வகுப்பு வகுப்பாக ராகம் போட்டுச் சொல்லவைத்தார்கள். ஒரு வாரம் கடையிலிருந்தே எனக்குக் கேட்டது. லாராஸ் நல்ல ஞாபகசக்தி உள்ளவள். பல் தேய்க்கும்போதுகூடக் கடைசி வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பரிசோதனை நாளில் பள்ளி முழுவதும் முழு மதிப்பெண். முதல் வகுப்பில் ஒருவன் பலகையை மாட்டுவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டான். மாவட்டத்திலேயே மிகச் சிறந்த பார்வை கொண்ட பள்ளி என்று செண்டாங் கிடுலுக்குக் கேடயம் அறிவித்தார்கள். சுலஸ்த்ரி இபு அழுதார்.

அதற்குப் பிறகுதான் சிக்கல் வந்தது. கேடயம் வழங்கும் விழாவிலேயே கண்ணாடி வழங்கலும் உண்டு. மேடையில் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி அணிவிக்க வேண்டும். அணிவிப்பதற்கு, கண் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

சுலஸ்த்ரி இபு தாமே என் கடைக்கு வந்தார். அதுவரை நான் பார்த்திராத ஒரு சிரிப்போடு வந்தார், என்னை 'பாக்' என்று, அதாவது ஐயா என்று, மரியாதையாக விளித்தார்.

"பாக் திர்த்தோ, உங்க பொண்ணு அன்னிக்கி துண்டுக்கு சல்யூட் அடிச்சாளே. அந்தப் பிரச்சினை அவளுக்கு இன்னும் இருக்குதானே?"

இருக்கிறது என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து இறைவனுக்கு நன்றி சொன்னார்.

நகரத்திலிருந்து ஒரு தொழில்நுட்ப உதவியாளர் கண்ணாடிப் பெட்டியோடு வந்தார். லாராஸை உட்காரவைத்து, பலகையைத் தலைகீழாக மாட்டி, நிஜமாகவே பரிசோதித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, இந்தப் பிள்ளை இதுவரை எப்படித் தெருவில் நடந்தது என்று கேட்டார். பலகையில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னார் சுலஸ்த்ரி இபு. உதவியாளர் அளவைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

விழாவைக் கண் பயிற்சியில் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பிள்ளைகளையெல்லாம் மைதானத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் கருவிழியை இடமும் வலமுமாக உருட்டவைத்து, நாட்டிலேயே இதுவரை யாரும் செய்யாத சாதனை என்று பதிவு செய்ய ஏற்பாடு. வெயில் என்பதால் எல்லோருக்கும் தொப்பி கொடுத்திருந்தார்கள். சாதனையை மேலே பறந்த டிரோன் படம் எடுத்தது. பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிடச் சொன்னார்கள், அச்சிட்டேன். படம் முழுக்கத் தொப்பிகள்.

அடுத்து லாராஸை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாவட்டத் தலைவரின் மனைவி வெல்வெட் பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்து அவளுக்கு அணிவித்தார். வழக்கமாக இந்தக் கண்ணாடியில் பவர் இல்லாத வெறும் லென்ஸ்தான் இருக்குமாம். அந்த முறை அவசரத்தில், யாரோ ஆர்டர் கொடுத்து வாங்காமல் விட்டுப்போன ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தனுப்பிவிட்டார். அது ஏறக்குறைய லாராஸின் அளவு. இதைப் பிற்பாடு குன்துர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது நான் கண்டது, அவள் தலை சட்டென்று பின்னால் போனதை மட்டுமே. யாரோ முகத்துக்கு மிக அருகில் வந்துவிட்டால் நாம் பின்வாங்குவோமே, அப்படி.

சுகாதார அலுவலகத் தலைவர் ஹர்யாந்தோ பேச எழுந்தார். பேச்சு நீண்டது. அதன் அச்சுப்பிரதியும் என் கடையில்தான் தயாரானது என்பதால் ஒரு பகுதியைப் பிழையில்லாமல் தர முடிகிறது.

"மதிப்புக்குரியவர்களே, கண் என்பது பார்ப்பதற்கு இன்றியமையாத உறுப்பு. போன வருஷம் எத்தனை கண்ணாடி குடுத்தீங்கன்னு சிலர் கேக்கிறாங்க. நான் திருப்பிக் கேக்கிறேன், எத்தனை விழா நடத்தினோம்னு ஏன் யாரும் கேக்கறதில்ல? கண்ணாடி ஒடைஞ்சிடும். விழா நெஞ்சுல நிக்கும். இதோ இந்தக் குழந்தை கண்ணாடி போட்டிருக்கு. இது ஒரு குழந்தை போட்ட கண்ணாடி இல்ல. மாவட்டமே போட்ட கண்ணாடி. அதனால மத்த குழந்தைகளும் போட்டுக்கிட்ட மாதிரிதான். அவங்க சார்பா இந்தக் குழந்தைக்கு நான் நன்றி சொல்லிக்கிறேன்."

வெயிலில் பிள்ளைகள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஆசிரியைகள் தின்பண்டப் பெட்டியைத் திறந்து மடிக்குள் வைத்து ஒட்டரிசிச் சுருளைத் தின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பேச்சு முடியக் கூடாது என்று அந்த மைதானத்தில் நினைத்தவள் ஒருத்திதான். அவள் மேடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுப்பவர் கேமராவைப் பார்க்கும்படி கையாட்டினார். அவள் அவரைத் தாண்டிப் பார்த்தாள். அந்தப் படம்தான் பேனரில் இருப்பது.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஓர் இளைஞர் வெல்வெட் பெட்டியோடு எங்களிடம் வந்தார். அதுதான் குன்துர். அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"கண்ணாடியைக் குடும்மா, தங்கச்சி" என்றார்.

"இப்பதானே குடுத்தீங்க?" என்றாள் முர்னி.

"அடையாளமா குடுத்தோம், இபு. இது நாளைக்கி வடக்கு வட்டத்துக்குப் போவணும். அங்க ஒரு விழா."

"அப்ப நிஜமா எப்ப குடுப்பீங்க?"

"நிஜமா குடுக்கிறது வேற பிரிவு, இபு. அவங்களுக்கு இன்னும் விழாத் தேதி கிடைக்கல."

முர்னி வாயைத் திறப்பதற்குள் லாராஸே கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். பாவாடையில் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். நன்றி சொல்லிக் குன்துரின் கையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அப்படித்தான் வளர்த்திருந்தோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தபடி, என்னென்ன பார்த்தாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வாதுமை மரத்தில் இலையெல்லாம் தனித்தனியாக இருக்கிறது. இவ்வளவு நாள் அது ஒரே பச்சைத் துணி என்று நினைத்திருக்கிறாள். பள்ளிக் கூரையில் ஒரு செருப்பு கிடக்கிறது. பேசிய ஐயாவுக்கு மூக்குக்குள் நரைத்த மயிர்.

"அப்பறம் அம்மாவைப் பாத்தேன். அவ்ளோ தூரத்துலேருந்து. வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்தா."

"நான் ஒண்ணும் தூங்கல" என்றாள் முர்னி. "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டிருந்தேன்."

"கொட்டாவிகூடத் தெரிஞ்சுதும்மா."

எதிர்காலத்தைத் தெளிவாகப் பார்க்கும் அந்தப் படத்தில் என் மகள் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

நிஜக் கண்ணாடியைக் கேட்டு நான் அலுவலகத்துக்குப் போனேன். முதல் மேசையில் இருந்தவர் மரியாதையானவர். உட்காரவைத்தார், தேநீர் கொடுத்தார். லாராஸின் பார்வை முற்றிலும் சரியாக இருப்பதாகப் பள்ளி எழுதிக் கொடுத்திருக்கிறது, சரியான கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தால் கண் கெட்டுவிடும் என்று விளக்கினார். அப்படியானால் மேடையில் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மேடையைப் பற்றி இரண்டாம் மேசையில் கேட்க வேண்டும் என்றார். இரண்டாம் மேசைக்காரர் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். உங்கள் மகள் கண்ணாடியைப் பெற்றுக்கொண்டுவிட்டாள், ஒரு பிள்ளைக்கு ஒன்றுதான், இரண்டாவது கேட்பது அழகல்ல என்றார். ஒரு மேசையில் அவளுக்குத் தேவையில்லை, இன்னொரு மேசையில் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டுக்கும் முத்திரை இருந்தது. இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. நான் அதனருகில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போதும், நாமே வாங்கிவிடலாம் என்றாள் முர்னி. அதற்குள் பேனர் ஊரெல்லாம் தொங்க ஆரம்பித்திருந்தது. சுலஸ்த்ரி இபு காதுக்கு விஷயம் போய், வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பேனர்ல இருக்கிற பொண்ணு கடையில போயி கண்ணாடி வாங்கினா, பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க, இபு? கேடயத்தைத் திருப்பிக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"பேனர்ல இருக்கிற பொண்ணு செவுத்துல முட்டிக்கிட்டா என்ன நெனைப்பாங்க?" என்றாள் முர்னி.

சுலஸ்த்ரி இபு தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். மழை கடுமையாக இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலை அரித்துப் போய்விட்டதால் நகரத்துக்குப் பேருந்து நின்றிருந்தது. சாலை சரியானதும் முதல் பேருந்தில் போவது என்று முடிவு செய்தோம். லாராஸ் கண்ணாடிச் சட்டத்துக்குக்கூட நிறம் தேர்ந்தெடுத்துவிட்டாள். பச்சை.

சாலை சரியாவதற்கு முன் காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவில் பல வீடுகளில் வந்தது. கொசுக் காய்ச்சல் என்றார்கள். வட்டார மருத்துவமனையில் கட்டிலோடு கட்டிலாகப் பிள்ளைகள். நான் வார்டுக்குள் நுழைந்தால் கதவருகிலேயே அவள் தலை திரும்பும். முகம் தெரிந்து அல்ல. "கோவக்காரச் செருப்பு வருது" என்று முர்னியிடம் சொல்வாளாம். கடைசி நாளில் தலை திரும்பவில்லை. நான் வேறு மாதிரி நடந்துவிட்டேனோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

அதற்கடுத்த வாரம் தெருவில் கொசுமருந்துப் புகை அடிக்க வந்தார்கள். தொடக்க விழா இருந்தது. பேனர் நான்தான் அச்சடித்தேன்.

வீட்டில் ஏழு நாள் அவளுக்காகத் துவாப் பிரார்த்தனைக் கூட்டம் நடந்தது. மூன்றாம் நாள் குன்துர் வந்து, வாசலுக்குப் பக்கத்தில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எதுவும் சாப்பிடவில்லை. போகும்போது வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த அக்டோபரில் அவர் கடைக்கு வந்தபோது ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வேற படம் போடலாம்னு மேல கேட்டேன், பாக். புதுப் படத்துக்கு அனுமதி வாங்கறதுக்குள்ள வருஷம் போயிடும்னுட்டாங்க."

"பரவால்ல. வருஷத்தை மட்டும் மாத்தணும், அதானே?"

"ஆமா." அவர் போகவில்லை. "இன்னொண்ணு. லாராஸோட கண்ணாடி வந்திருக்கு. மத்த பிரிவுலேருந்து. அவளோட அளவுதான்."

அவர் இரண்டு மேசைகளிலும் மாறி மாறி எவ்வளவு காலம் கெஞ்சினார் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி வந்துவிட்டதால் வழங்கியாக வேண்டும், பட்டியலில் பெயர் ஏறிவிட்டதால் அதே பெயருக்குத்தான் வழங்க வேண்டும், பயனாளி வர முடியாவிட்டால் பெற்றோர் பெறலாம் என்று விதி இருக்கிறது என்றார். முர்னி வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், கூப்பிட்டார்கள், போனேன். அந்த நாட்களில் யார் கூப்பிட்டாலும் போய்க்கொண்டிருந்தேன்.

அதே மைதானம். மேடைக்குப் பின்னால் என் பேனர். தொகுப்பாளர் பெண் மைக்கில் இனிமையாக அறிவித்தார்: "பயனாளி செல்வி லாராஸ், தவிர்க்க முடியாத காரணத்தால் இன்று நம்முடன் கலந்துகொள்ள இயலவில்லை. அவர் சார்பில் அவருடைய தந்தை பெற்றுக்கொள்கிறார்." கைதட்டினார்கள். முன்வரிசையில் சுலஸ்த்ரி இபு கைதட்டவில்லை. மடியிலிருந்த தின்பண்டப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹர்யாந்தோ கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பச்சைச் சட்டம். நான் இறங்கப் போனேன். படம் எடுப்பவர் தடுத்தார். கண்ணாடி பெட்டிக்குள் இருந்தால் படத்தில் தெரியாது, யாராவது போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாக்தான் போடணும். ஒரே ஒரு படம்" என்றார் ஹர்யாந்தோ.

போட்டுக்கொண்டேன். பிள்ளைகளுக்கான சட்டம், நெற்றிப்பொட்டை இறுக்கியது. என் கண்ணில் குறை ஒன்றும் இல்லை. ஆகவே அந்தக் கண்ணாடிக்குள் மைதானம் கரைந்தது. ஹர்யாந்தோவின் முகம் இருந்த இடத்தில் தோலுரித்த முட்டை ஒன்று பேசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாவட்டத் தலைவரின் மனைவி, இன்னொரு முட்டை. முன்வரிசை முழுக்க முட்டைகள். வாதுமை மரம் ஒரே பச்சைத் துணி. திரும்பிப் பேனரைப் பார்த்தேன். நடுவில் ஏதோ நிறம் இருந்தது.

படம் எடுத்தார்கள். பேச்சு தொடர்ந்தது. நான் கழற்றவில்லை. அவளும் முடியும்வரை கழற்றவில்லை.

முடிந்தபோது ஓர் உருவம் என்னிடம் வந்தது. காலைத் தேய்க்காமல், மெதுவாக, துக்க வீட்டில் நடப்பதுபோல நடந்து வந்தது. அது குன்துர் என்று தெரிந்தது. பழக்கத்தில் கையைக் காதுப்பக்கம் கொண்டுபோய்க் கழற்றப் போனேன்.

"வேணாம், பாக்" என்றது அந்த முட்டை. "இது நிஜமானது. திருப்பித் தர வேண்டியதில்ல."

அப்படியே நடந்து வீட்டுக்கு வந்தேன். பழகிய தெருவென்பதால் எதிலும் முட்டிக்கொள்ளவில்லை. ஒரு சாக்கடையை மட்டும் காலால் தடவித் தாண்டினேன். எங்கள் வாசலில் யாரோ நின்றிருந்தார்கள். முகம் இல்லை. என் செருப்புச் சத்தம் கேட்டு அந்த உருவம் தெருவில் இறங்கி என்னை நோக்கி வந்தது. இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு வருவதுபோல, வலது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி. அது முர்னி.